படம் ஒன்று, சத்தம் ஒன்று

எங்கள் டிவிப் பெட்டிக்குள் மாமா பிளேடை விட்டபோது நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? வீட்டில் நானும் ஒரு ஆள்தானே?

அது பழைய போர்ட்டபிள் டிவி. கறுப்பு வெள்ளை. மேலே கைப்பிடி இருக்கும், ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம். கரண்ட் இல்லாவிட்டால் பேட்டரியிலும் ஓடும். அப்பா எங்கள் ஊர் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. உப்பு விளையும் காலம் முழுக்க அந்த டிவி அவரோடு அளத்துக் கொட்டகையில் இருக்கும். மழை பிடித்து, பாத்திகள் எல்லாம் தண்ணீரில் முழுகி, வேலை நின்ற பிறகுதான் அவரும் டிவியும் வீட்டுக்கு வருவார்கள். ஆக, மழைக்காலத்தில் மட்டும்தான் அது என் டிவி. மழைக்காலத்தில்தான் கிரிக்கெட்டும் வந்தது. பெண் பிள்ளைக்கு எதற்குக் கிரிக்கெட் என்று தெருவே கேட்டது. கேட்கட்டுமே! ஸ்கோர் என்ன என்று என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போனதும் அதே தெருதான்.

2005இல், அந்த மழைக்காலத்தில், எங்கள் வீட்டில் அக்காவின் பேரைச் சொல்லக் கூடாது. குயிலாப்பாளையத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போன அக்கா, பக்கத்து கெஸ்ட் ஹவுசில் வேலை பார்த்த ஒருவரை மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. "இனிமே அவ பேச்சு இந்த வூட்ல இருக்கக் கூடாது" என்று ஒரே தடவை சொன்னார். அதோடு சரி. அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மாவின் தம்பி, அதாவது இந்த மாமா, வானூரில் வேலை இருக்கிறது என்று புளுகிவிட்டுப் போய் வந்தார். பிறகு ஒருநாள் கல்யாண சிடியை யாருக்கும் தெரியாமல் அம்மா கையில் கொடுத்தார்.

சிடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்து வீட்டில் போட்டுப் பார்த்தால் பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். எங்கள் டிவியிலோ ஆன்டெனா ஒயர் சொருகுகிற ஓட்டையைத் தவிர வேறு ஓட்டை கிடையாது. மாமா ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கொஞ்ச நாள் இருந்தவர். அந்தக் கொஞ்ச நாள் போதாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வெளியே போன சமயம் பார்த்து, எங்கிருந்தோ ஒரு சிடி பிளேயரும் சால்டரிங் அயர்னுமாக வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு இலங்கையோடு மேட்ச்.

"ஷாக்கு கீக்கு அடிச்சிடப் போவுதுடா" என்றாள் அம்மா.

"இது பேட்டரியில ஓடுற செட்டுதான்க்கா. உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்குது, ஒண்ணும் ஆவாது. பெரிய டிவியா இருந்தா நானே தொட மாட்டேன்."

உள்ளே இருந்த போர்டில் படம் போகிற பாதையைத் தேடிக் கண்டுபிடித்து, அதைப் பிளேடால் அறுத்து, அங்கிருந்து ஒரு ஒயரை இழுத்து, பெட்டியின் பின்பக்கம் மஞ்சளாக ஒரு சாக்கெட்டை வைத்தார்.

"மாமா, அப்ப மேட்ச்சு?"

இந்தப் பக்கம் தள்ளினால் ஆன்டெனா, அந்தப் பக்கம் தள்ளினால் சிடி என்று ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். அது அவருக்கே தெரியும். தெரிந்தும் வைக்கவில்லை. "நம்மூரு உப்புக் காத்துக்கு சுவிட்ச்சு ஒரே மாசத்துல பச்ச புடிச்சிடும்டி. அப்புறம் ரெண்டுமே வராது. டைரெக்ட்டா அடிச்சிட்டா கவலையே இல்ல." உப்புக் காற்று என்று சொல்லிவிட்டால் போதும், எங்கள் ஊரில் எந்தச் சோம்பேறித்தனமும் நியாயமாகிவிடும்.

சிடியைப் போட்டார். படம் வந்தது. ஆனால் மகராசன் படத்துக்கு மட்டும்தான் ஒயர் கொடுத்திருந்தார். சத்தம் பழையபடி ஆன்டெனாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அக்கா பட்டுப்புடவையும் மாலையுமாக மாதா கோயில் படியேறுகிறாள். இந்தியில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான். சாமியார் வாயசைக்கிறார், ஸ்டேடியமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது. யாரோ அவுட். எந்தப் பக்கத்து ஆள், யார், ஒரு எழவும் புரியவில்லை. அம்மாவோ ஸ்கிரீனில் கையை வைத்து, "எளச்சிப் போயிட்டாடா" என்றாள்.

"அவுட்டு யாரு? அத்த சொல்லுங்க மொதல்ல!" என்று நான் கத்தினேன். அம்மா திரும்பி முதுகில் ஒன்று வைத்தாள். மனுஷர்களா இவர்கள் என்று இருந்தது. அக்கா கல்யாணம் முடிந்துபோன சமாசாரம். மேட்ச் இப்போது நடக்கிறது!

சாயங்காலம் அப்பா வருவதற்குள் மாமா நைசாக நழுவிவிட்டார். அம்மா சிடி பிளேயர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அப்பா வழக்கம்போல ஏழு மணிச் செய்திக்கு டிவியைப் போட்டார். செய்தி வாசிக்கிற குரல் வந்தது. ஸ்கிரீனில் வெறும் சாம்பல் வெளிச்சம். நான் காத்துக்கொண்டிருந்தேனே, விடுவேனா? "மாமா பிளேடால அறுத்துட்டாருப்பா!" என்று போட்டு உடைத்தேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா எழுந்து டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். மஞ்சள் சாக்கெட்டைப் பார்த்தார். ஒயர் போகிற வழியே பார்த்து, துண்டைத் தூக்கிப் பார்த்தார். இப்போது வெடிக்கும், மாமா தொலைந்தார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அவர் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார்.

"வெறும் வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கூசுது. எதனா போடு."

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு சிடி. அதைப் போட்டேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா கழுத்தில் தாலி ஏறியது. அப்பா இமைக்காமல் செய்தி கேட்டார். செய்தி முடிந்ததும் "அணச்சிடு" என்றார்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். ஏழு மணியானால் "செய்தி போடு" என்பார். "எதனா போடு" என்று சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, அம்மாவே பிளேயரைத் தட்டிவிட்டுப் போவாள். என் மேட்ச் பாழாய்ப் போனது பற்றி அந்த வீட்டில் ஒரு ஜீவனுக்கும் அக்கறை இல்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு நானே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டிவி மெக்கானிக்கைக் கையோடு அழைத்து வந்தேன். அவர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "ஒரு சுவிட்ச்சு போட்டா முடிஞ்சிது. பைலயே இருக்குது. ஆன்டெனாவும் வரும், சிடியும் வரும், சவுண்டயும் சேத்துக் குடுத்துடுறேன்." நான் குதிக்காத குறை.

"வேணாம்ப்பா" என்றார் அப்பா. "செய்தி காதுல உழுந்தா போதும். படம் எதுக்கு?"

நான் தட்டைத் தூக்கி எறிந்தேன். சாப்பிட மாட்டேன் என்று புரண்டேன். மாமாவும் நீயும் கூட்டுக் களவாணிகள் என்று அப்பாவைப் பார்த்தே கத்தினேன். அவர் அடிப்பார் என்று பார்த்தால், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மெக்கானிக்கை வாசல்வரை கொண்டு விடப் போய்விட்டார். என் கிரிக்கெட்டை ஒழித்துக்கட்டத்தான் இத்தனையும் செய்கிறார் என்று சத்தியமாக நம்பினேன்.

சுவிட்ச் இருந்தால் அதை ஒருவர் தள்ளியாக வேண்டும், எந்தப் பக்கம் என்று அப்பா வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. சுவிட்ச் இல்லாத வரைக்கும் அவர் செய்திதான் கேட்டார். ஸ்கிரீனில் வந்தது மாமாவின் கோளாறு.

இது விளங்கிய பிறகு கோபம் தணிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கூடித்தான் போயிற்று. குயிலாப்பாளையம் என்ன சீமையிலா இருக்கிறது? ஈசிஆரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். நம் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வந்துவிட மாட்டார்களா என்று, அந்த மழைக்காலம் முழுக்க அக்கா கடையை மூடியதும் மெயின் ரோட்டுக்கு வந்து, மரக்காணத்திலிருந்து வருகிற ஏழு மணி பஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாளாம். அந்த நேரத்தில்தான் இங்கே அப்பா செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.