நீல மையில் ஒரு கையெழுத்து

டாக்டர் பெனாவெந்தே தங்கமான மனிதர். பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்த யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. "நீயே எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார்.

ஹெர்மெலிந்தாவுக்கும் அப்படித்தான் சொன்னார். ஐந்து வருடமாக அவருடைய ஆய்வுக்கூடத்தில் உழைப்பவள். மிளகாய்ச் செடியின் வேர் அழுகலைப் பற்றி அவர் பெயரில் வந்த கட்டுரைகளெல்லாம் அவள் எழுதியவை. அதற்கு நன்றியாகக் கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில், அவள் பெயரும் இருக்கும். சில சமயம்.

அரேகிப்பா நகரின் இன்னொரு பல்கலைக்கழகத்தில், முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு ஓர் ஆய்வுப் பணி காலியாக இருந்தது. பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையோடு ஐந்து வருடம் முடிகிறது. விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் வெள்ளி மாலை நான்கு மணி. விட்டால் ஆயுசுக்கும் பெனாவெந்தேதான்.

தன்னைத் தானே புகழ்வது லேசான காரியமா? மூன்று முறை எழுதினாள். மூன்றும் பள்ளிக்கூடத்து நன்னடத்தைச் சான்றிதழ் போலிருந்தன. நான்காவது முறை, இந்த ஐந்து வருடத்தில் அவர் ஒரு நாளாவது சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் எழுதினாள். கண்ணீர் சொட்டியதில் மறுபடி அச்செடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் ஒரு வரிகூடப் படிக்காமல் கறுப்பு மையில் கையெழுத்திட்டார்.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப ஜன்னலில் இருந்த செனோரா ஃபெலிசித்தாஸ் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"கறுப்பு மையா? இது அசலா, ஜெராக்ஸான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீலத்துல வாங்கிட்டு வா கண்ணு."

"தடவிப் பாருங்க செனோரா, அசல் மைதான்."

"தடவிப் பாக்கறதுக்கு நான் என்ன துணிக்கடையா வெச்சிருக்கேன்? நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்திடுவேன்."

வெள்ளிக்கிழமை மதியம் பேராசிரியரை எங்கே தேடுவது என்று அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். வழக்கமான சாப்பாட்டுக் கடையில், கறி அடைத்த மிளகாயும் சோளக்கள்ளுமாக நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார்.

புதிதாக அச்செடுத்த கடிதத்தையும் நீலப் பேனாவையும் நீட்டினாள். அவருக்கோ வயிறு நிறைந்திருந்தது, நேரமும் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாவி மனிதர், படிக்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் பத்திக்குத் தலையாட்டினார். இரண்டாவது பத்தியில் கைக்குட்டையை எடுத்தார்.

"மகளே, இவ்வளவையும் நீயா செஞ்ச?"

"நீங்கதானே டாக்டர் எழுதியிருக்கீங்க."

"இப்படிப்பட்ட பொண்ணை இன்னொருத்தனுக்கு நான் எப்படிம்மா விட்டுக்கொடுப்பேன்?" பேனாவை மூடி வைத்தார். "மாட்டேன். நீ என்கூடவே இரு!"

நண்பர்கள் கைதட்டினார்கள். ஹெர்மெலிந்தாவுக்கு இது ஐந்து வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் அவளுடைய சொந்த நடையில். மணி மூன்றேகால்.

"கடைசி வரியையும் படிங்க டாக்டர். சத்தமா."

அவர் மேடைக் குரலில் படித்தார்: "இவரை என்னிடமே நிறுத்திக்கொண்டால் அது என் சுயநலம். கண்ணீரோடும் பெருமையோடும் அனுப்பிவைக்கிறேன்."

ஒரு நண்பர் அவர் தோளைப் பிடித்து, "பெனாவெந்தே, உனக்குள்ள இப்படி ஒரு மனசாப்பா!" என்று தழுதழுத்தார்.

நான் எழுதவில்லை என்று சொல்ல டாக்டருக்கு வாய் வரவில்லை. நீலத்தில் கையெழுத்திட்டார்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முத்திரை விழுந்தது. ஃபெலிசித்தாஸ் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"எழுதினவங்களுக்கு உன்மேல உசிரு போலிருக்கே கண்ணு! ரொம்ப நாள் பழக்கமோ?"

"பொறந்ததுலேர்ந்தே தெரியும் செனோரா" என்றாள் ஹெர்மெலிந்தா.