ஜெனரேற்றர் சுருதி

“…அந்த ஓர்கன் என்னோடை சேர்ந்து இறங்கி வரும் தம்பி. உந்தக் கொம்பியூட்டர் ஒரு இம்மியும் இறங்காமல் நிக்குது. எனக்கு ஏலாது. நாளைக்கு வேற ஆரையும் பாடச் சொல்லுங்கோ” என்றா அக்கா.

நாளைக்கு அவவின் ஒரே மகளுக்குக் கலியாணம். அந்தக் கலியாணப் பூசையில் தானே பாடுவதாக, மகள் பிறந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நேர்ந்தவ. ஓர்ஸ் ஹில் பக்கத்தில் இருந்த எங்கள் சின்ன மாதா கோவிலில் அவதான் முதற்குரல். ஒத்திகையில் பாட்டின் மேல்வரி வந்ததும் குரல் உடைந்துபோனது.

பழைய ஓர்கன் அலுமாரி அளவு. உள்ளே சுழன்று ஒலி எழுப்பும் சில்லுகளைக் கடற்காற்றுத் தின்று, அந்தக் கிழமை அது வாயே திறக்கவில்லை. வெளிநாட்டு மச்சான் தந்த லப்டொப்பில் அதே மாதிரி ஓர்கனை ஆரோ மென்பொருளாகச் செய்து வைத்திருந்தார்கள். கட்டைகள் வைத்த சின்னக் கீபோட் ஒன்றைச் செருகி வாசிக்கலாம். கோவில் ஓர்கனைக் கேட்டுக் கேட்டே வாசிக்கப் பழகினவன் நான், ஆரிடமும் படிக்கவில்லை. அசந்துபோனேன். கட்டையைத் தொட்டதும் பழையதில் கேட்கும் ‘டிக்’ சத்தத்தைக்கூட விடவில்லை. பழுதையும் பத்திரமாகப் பிடித்து வைத்த அந்த முகம் தெரியாத மனிசருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு ஏன் அக்காவுக்குக் குரல் ஏறவில்லை?

கோவில் ஜெனரேற்றரைப் பார்க்கிற அவவின் மனிசன் வாசலில் நின்று சிரித்தார். “இவ்வளவு காலமும் நீ பாடினது ஓர்கனுக்கில்லையடி, என்ர என்சினுக்கு!”

“ஓம், பெரிய என்சின்! சும்மா இருங்கோ.”

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது. சண்டைக் காலம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றில்லை; பூசைக்கு எப்பவும் அவருடைய ஜெனரேற்றர்தான். ஓர்கனின் சில்லுகளை அந்தக் கரண்ட்டே சுழற்றும். ஃபான்களைப் போட்டால் என்சின் இளைக்கும், சில்லு மெதுவாகும், சுருதி இறங்கும். எங்கள் தொண்டைகளும் தெரியாமலே கூட இறங்கிப் பழகிவிட்டன. மேல்வரி வரும்போது, “ஓர்கனுக்கு மூச்சு வாங்குது, ஃபானை நிப்பாட்டுங்கோ” என்பா அக்கா. ஆராவது எழும்பிப் போய் நிற்பாட்டுவார்கள். சுருதி கொஞ்சம் நிமிரும். அதுதான் எங்கள் கோவில் முறை.

மென்பொருள் செய்தவர்கள் எல்லாவற்றையும் போட்டிருந்தார்கள், எங்கள் ஜெனரேற்றரைத் தவிர. குறை சொல்ல மாட்டேன். சுருதியை ஏற்றி இறக்க ஒரு குமிழும் வைத்திருந்தார்களே!

“அக்கா, என்னைப் பாராமல், சும்மா குசினியில பாடுற மாதிரி ஒருக்கா முணுமுணுங்கோ.”

“உனக்கு விசர்” என்று சொல்லிக்கொண்டே முணுமுணுத்தா. குமிழைக் கொஞ்சங் கொஞ்சமாக இறக்கினேன். ஓரிடத்தில் லப்டொப்பும் அக்காவும் ஒட்டிக்கொண்டார்கள். ஜெனரேற்றர் இல்லாமலே எங்கள் பழைய ஓர்கன் திரும்பி வந்தமாதிரி இருந்தது. மனிசன் சிரிப்பை நிறுத்திவிட்டு, வாசற்படியில் குந்தினார்.

“இப்ப பாடுங்கோ அக்கா.”

அவ முதல் வரியைப் பிடித்தா, இரண்டாவதையும் பிடித்தா. லப்டொப் தன் பற்றரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வந்திருந்த கரண்ட்டில் சுழன்ற ஃபானுக்கும் அதற்கும் ஒரு தொடுப்பும் இல்லை. மேல்வரி வருமுன்னம், பாடிக்கொண்டே சுவரடிக்கு நடந்துபோய், ஃபானை நிற்பாட்டிவிட்டு, கண்ணை மூடி ஏறினா.