மைதீனுக்குக் கிடைத்த ரிலீஸ்

சலாலாவில் சாரல் விழுந்தால் யாரும் வீட்டுக்குள் ஓடுவதில்லை. உள்ளே இருப்பவர்கள்தான் வெளியே ஓடி வருகிறார்கள். பாய், ஃபிளாஸ்க், பிள்ளைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்து நனைகிறார்கள். ஓமானில் மற்ற ஊர்கள் வெயிலில் வேகும்போது இங்கே மட்டும் மலையோரம் தூறிக்கொண்டிருக்கும். கரீஃப் என்று அதற்குப் பேர். அந்த நனைவுக்காக துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் கார் ஓட்டி வருகிறவர்கள் உண்டு. போன புதிதில் எனக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டு அரபுப் பெண் தூறலில் கம்பளத்தை விரிப்பதைப் பார்த்துப் பதறிப்போய், “மழை, மழை” என்று வானத்தைக் காட்டிவிட்டு, நானே ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினேன். எனக்கும் உட்கார இடம் வேண்டும்போல என்று அவள் எடுத்துக்கொண்டாள். தோளைப் பிடித்து உட்கார வைத்து, கையில் ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் சாயாவைக் கொடுத்தாள். நனைந்துகொண்டே குடித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்தப் பாஷையிலும் வராது.

நான் தென்காசிக்காரி. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. எங்களுக்குச் சாரல் என்றால் துணி காயாது, போர்வை நாறும், அடுப்படிச் சுவரில் ஈரம் ஏறும். குற்றாலத்துக்குச் சந்தோஷமாக வந்து இறங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். இந்த ஊரில் நானும் ஒரு வெளியூர்க்காரிதானே, சந்தோஷப்படலாமே என்று பார்த்தேன். வரவில்லை. வருத்தமும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

சலாலாவுக்கு நான் வந்தது என் மகன் மைதீனுக்குச் சோறு பொங்க. அவன் ஃபுட்பால் விளையாடுகிறவன். அதுதான் தொழில். ‘விங்கர்’ என்பார்கள். மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டியே ஓடி, பந்தை நடுவில் நிற்பவனுக்குக் கொடுக்க வேண்டும். கோல் அடித்தவனைத்தான் தூக்கிக் கொண்டாடுவார்கள்; பந்து கொடுத்தவன் அந்தக் கும்பலுக்குக் கடைசியாக வந்து சேருவான். எந்த ஊருக்குப் போனாலும் பீச்சாங்கைப் பக்கத்து ஓரம்தான் அவனுக்கு. திருநெல்வேலி, சென்னை, கல்கத்தா, கோவா, ஷில்லாங், பிறகு மாலத்தீவு, டாக்கா, கடைசியாக சலாலா. கல்கத்தாவில் மொய்தின் என்றார்கள். கோவாவில் மோ என்று முடித்துக்கொண்டார்கள். இங்கே அரபுக்காரர்கள் தொண்டையிலிருந்து முஹ்யித்தீன் என்று முழுதாகச் சொல்கிறார்கள். அதுதான் சரியான உச்சரிப்பாம். எனக்கு அது யாரோ ஹஜ்ரத்தைக் கூப்பிடுவதுபோல இருக்கும். ஓரிடத்தில் தங்காதவனுக்குப் பெண் தருவாரில்லை. அவன் வாப்பா மவுத்தான பிறகு தென்காசி வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு கிளம்பியவள் நான். ஷில்லாங் குளிரில் பருப்பு வேகாமல் கிடந்ததும், மாலத்தீவில் எங்கே திரும்பினாலும் கடல் தெரிந்ததும் நினைவிருக்கிறது. ஊர்களை அடுப்பை வைத்துத்தான் எனக்குத் தெரியும். அவனுக்குப் புல்லை வைத்துத் தெரியும்.

விளையாட்டை அவன் எங்கே படித்தான் என்று டாக்காவில் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டாராம். பள்ளிக்கூடம் என்று சொல்லியிருக்கிறான். எனக்கு வேறு எண்ணம். அவன் வாப்பா சவூதியிலிருந்து வந்தால் எங்களைக் குற்றாலம் மெயினருவிக்குக் கூட்டிப்போவார். சீசனில் ஆண்கள் பக்கம் தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. எல்லோரும் நடுவில் முட்டுவார்கள். மைதீன் மட்டும் எண்ணெய் தேய்த்த உடம்போடு பாறையை ஒட்டி ஓரமாகவே வழுக்கிக்கொண்டு போய், எல்லோருக்கும் முன்னால் தண்ணீருக்கடியில் நிற்பான். “ஏலே, ஒன் மவன் பாம்புலா!” என்று அவன் வாப்பாவைப் பார்த்து யாராவது கத்துவார்கள். கூட்டத்துக்குள் போகாமலே கூட்டத்தைத் தாண்டுவது அவனுக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

அவன் வாப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. சவூதியில் அவருக்கு விசா கொடுத்த முதலாளி, கஃபீல் என்பார்கள், லேசுப்பட்டவன் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான். வேறு நல்ல வேலை கையில் இருந்தும் போக முடியவில்லை. கஃபீல் ‘ரிலீஸ்’ கொடுத்தால்தான் ஆள் மாறலாம். எங்கள் வீட்டில் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை எல்லாருக்கும் தெரியும். தொழுதால் அதைக் கேட்டோம், நேர்ச்சை வைத்தால் அதற்கு வைத்தோம். “ரிலீஸ் வந்துட்டா?” என்றுதான் தெருவில் என்னைக் கண்டால் கேட்பார்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. கடைசியில் கிடைத்தபோது தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தோம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்த வீட்டிலும் போய்க் கேளுங்கள், ரிலீஸைவிட நல்ல வார்த்தை இல்லை என்பார்கள்.

சலாலாவில் ஒருநாள் காலை, கிளப்பின் மேனேஜர் வாசலில் வந்து நின்றார். வெள்ளை அங்கி, அத்தர் வாசம், மரியாதையான மனுஷன். மைதீன் முட்டுவலிக்குக் கரண்ட் வைக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மைதீன் நோ, ஹாஸ்பிட்டல்” என்றேன். அவர் குனிந்து நிலத்தைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். ‘கிளப்’ என்பதும் ‘முஹ்யித்தீன்’ என்பதும் புரிந்தன. பிறகு “ரிலீஸ்” என்றார். எனக்குச் சரியாகக் கேட்டதா என்று, “மைதீன் ரிலீஸ்?” என்றேன். “ரிலீஸ், ஹஜ்ஜா. மாலேஷ்” என்று நெஞ்சில் கை வைத்தார். மாலேஷ் என்ன என்று எனக்குத் தெரியாது. மாஷா அல்லாஹ் போல ஒரு வாழ்த்து என்று நினைத்தேன். “அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்!” என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கேசரி கிண்டினேன். ஒரு கிண்ணத்தில் போட்டு, தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சுரண்டை அண்ணாச்சிக்குக் கொண்டுபோனேன். குவைத்தில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு இங்கே வந்தவர் அவர்.

“என்ன ஆச்சி, இனிப்பெல்லாம் பலமா இருக்கு? மவனுக்குப் பொண்ணு அமைஞ்சிட்டா?”

“ரிலீஸ் குடுத்துட்டாவ அண்ணாச்சி.”

“கேக்காமலே குடுத்துட்டானா! யம்மா, ஒம்ம மவன் குடுத்து வச்சவம்லா. நான் குவைத்துல ஒரு ரிலீசுக்கு ஒத்தக்கால்ல நின்னேன். இன்னும் பெரிய எடமா வந்திருக்கும். கத்தாரா இருக்கும் பாரும்.”

கத்தாராகத்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது. தென்காசியில் இருக்கும் என் தங்கச்சி ஜைனம்புவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் ஊரிலிருந்து வாழ்த்து வரத் தொடங்கிவிட்டது.

மைதீன் மத்தியானம் நொண்டிக்கொண்டு வந்தான். தட்டில் கேசரி வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டான். சொன்னேன். அவன் கை நின்றது. பிறகு ஒவ்வொரு வாயாகத் தட்டு முழுவதையும் தின்றான். தண்ணீர் குடித்தான்.

“உம்மா, பந்துல ரிலீஸ்னா வேற.”

“வேறன்னா?”

“போன்னு அர்த்தம். நீ வேண்டாம், போ. அம்புட்டுதான். மாலேஷ்னா வருத்தப்படாதியன்னு அர்த்தம்.”

“அப்ப அடுத்த எடம்?”

“எடம் இருந்தா அதுக்குப் பேரு டிரான்ஸ்பர். இது சும்மா ரிலீஸ்.” பிறகு சொன்னான்: “கேசரி நல்லாருக்கு. ஏலக்கா கொஞ்சம் தூக்கலு.”

நான் அழுவேன் என்று அவன் பார்த்தான். அவன் கத்துவான் என்று நான் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. ஜைனம்பு, “எந்த ஊரு லாத்தா? மாப்ளமாரு எல்லாம் கேக்காவ” என்றாள். நான் அவனைப் பார்த்தேன். சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினான். “இன்னும் முடிவாகல” என்றேன். அது பொய்யும் இல்லை.

விசா முடிகிறவரை அவன் தன் ஏஜெண்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். எடுத்தவர்கள் முதலில் வயசைக் கேட்டார்கள், பிறகு முட்டுவலியைக் கேட்டார்கள். ஒரு கிளப் கூப்பிட்டால் அவன் ஆட்டக்காரன். கூப்பிடாவிட்டால் முட்டு போன ஒருத்தன், தென்காசியில். அந்த இரண்டுக்கும் நடுவில் அவன் தினமும் மொட்டை மாடியில் முட்டுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு குதித்துப் பார்ப்பான். கீழே அடுப்படியில் எனக்கு ஓசை கேட்கும். வலது கால் ஓங்கி விழும், இடது கால் மெதுவாக விழும். அவன் விளையாடுவது இடது காலில். நான் அல்லாவிடம் எதையும் கேட்கவில்லை. எதைக் கேட்பது? இன்னொரு ஊரா? இன்னொரு அடுப்பா? வேண்டாம் என்றிருந்தது. அவனை வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று அதையும் நினைக்காமல் விட்டேன்.

திருவனந்தபுரத்தில் இறங்கினோம். ஜைனம்பு இலத்தூர்க்காரர் ஒருவருடைய டாக்சியை அனுப்பியிருந்தாள். எங்களை முன்பின் தெரியாதவர், நல்ல பேச்சுக்காரர். தென்மலை தாண்டுகிறவரை அருவியில் தண்ணீர் எப்படி, எந்தக் கடையில் புரோட்டா எப்படி என்று சொல்லிக்கொண்டே வந்தார். மைதீன் காலை நீட்ட முடியாமல் பின்சீட்டில் என் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்திருந்தான். ஆரியங்காவு தாண்டி, வளைவில் வண்டி இறங்கும்போது அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். வளைகுடாவிலிருந்து திரும்புகிறவனிடம் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். அவன் வாப்பாவை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

“லீவுல வாறியளா அண்ணாச்சி, இல்ல முடிச்சிட்டு வாறியளா?”

“லீவுதான்” என்றான் மைதீன்.

“முடிச்சாச்சு” என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டன. அறியாத ஆண்பிள்ளை கேட்டதற்கு நான் வாய் திறந்து பதில் சொன்னது எனக்கே புதிது. மைதீன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இல்லை. மைதானத்தில் தப்பான பக்கம் பந்து வந்தால் பார்ப்பானே, அந்தப் பார்வை. நான் என் பக்கத்துக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். வளைவுக்கு வளைவு செங்கோட்டை வயல்கள் தெரிந்தன, மறைந்தன. டிரைவர் எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்:

“ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான போறிய?”