கட்டுத்தாரையில் ஒரு ஜப்பான் பாட்டு

அந்தப் பாட்டில் எனக்குப் புரிந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் பாடுகிற பெண் எந்த இடத்தில் மூச்சிழுப்பாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

என் மகள் நர்சிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்குப் போவதற்காகப் பாலக்காட்டில் அந்த மொழி படித்தாள். பாட்டுக் கேட்டால் நாக்குத் திரும்பும் என்று வகுப்பில் சொன்னார்களாம். மீனாட்சிபுரத்தில் எங்கள் மாடுகள் நிற்கும் கட்டுத்தாரையின் தூணில் போனை மாட்டி, இரண்டு வேளையும் அதே பாட்டைப் போட்டுக்கொண்டுதான் செவலைப் பசுவைக் கறப்பாள். எனக்குக் காது புளித்துப் போனது.

“வேற பாட்டே கெடைக்கலையா கண்ணு உனக்கு?” என்று கத்துவேன். சிரித்துக்கொண்டே சத்தத்தைக் கூட்டுவாள்.

அவள் விமானம் ஏறிய மறுநாள் செவலை பாலை அடக்கிக்கொண்டது. மடி கல்லாக இருக்கிறது, காம்பில் சொட்டு வரவில்லை. கண்ணுபட்டிருக்கும் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். பருத்திக்கொட்டையைக் கூட்டிவைத்தேன். கன்றை முட்டவிட்டும் பார்த்தேன். மூன்றாம் நாள் போனில் மகள் கேட்டாள். “பாட்டப் போட்டீங்களாம்மா?”

அவள் விட்டுப்போன பழைய போனில் போட்டேன். பல்லவி வருவதற்குள் பால் இறங்கிவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்றவள் நான் கல் மாதிரி நின்று வேலை பார்க்கிறேன், இந்த மாட்டுக்கு இத்தனை அடமா?

அப்படி வேண்டாவெறுப்பாகப் போட ஆரம்பித்தவள்தான் அதில் விழுந்தேன். முதலில் நாலு கைத்தட்டு. பிறகு அந்தப் பெண் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி மூச்சிரைக்கப் பாடுவாள். பல்லவிக்கு முன்னால் மேளமெல்லாம் சட்டென்று நின்றுவிடும். கறக்கும் கையும் தானாக நிற்கும். அடுத்த நொடி எல்லாம் சேர்ந்து கொட்டும்போது, அறுபதை நெருங்குகிற எனக்கே தோள் ஆடும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடம் அலுக்கவில்லை.

அவளுடைய மூன்று வருட ஒப்பந்தம் முடியப்போகிறது. வருகிறாளா என்று கேட்க எனக்குப் பயம். தினமும் சாயங்காலக் கறவை முடிந்த பிறகு கூப்பிட்டுப் பனியைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசுவாள். ஊர் நினைப்பு வருவதாக ஒரு வார்த்தை வராது. மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

போன வாரம் ஒருநாள் வழக்கத்துக்கு முன்னாலேயே, தூணில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது என் போனில் கூப்பிட்டாள். “அங்க தெருவுக்குத் தெரு இந்தப் பாட்டுத்தான் கேக்குமா கண்ணு?” என்றேன்.

“கடையில போடுவாங்கம்மா. போட்டா நான் வெளிய வந்துருவேன்.”

“ஏங்கண்ணு, சலிச்சுப்போச்சா?”

“இல்லீங்மா. அதக் கேட்டா நம்ம சாணி வாசம் வருது. செவலை பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்குது. நடுக்கடையில நின்னு அழ முடியுங்களா?”

“இரு, நிறுத்தறேன்” என்று அவசரமாகத் தூணை நோக்கிக் கையை நீட்டினேன்.

“நிறுத்தாதீங்கம்மா. பால் எறங்கட்டும்.”

போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கறந்தேன். பாட்டுக்கு நடுவே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பாட்டு முடிந்த பிறகுதான் சொன்னாள். “இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்மா.”