மாமியின் கோழிக்குக் கால் கட்டிய புது மாப்பிள்ளை

நெஞ்சில் கை வைத்து உறுதியளிக்கிறேன். கீழே வரும் கதையை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பித் தொலைத்தால் அது என் பிழையல்ல.

நல்லெண்ணெயில் மஞ்சள் குழையும் மணம் எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் கோழிதான் ஞாபகம்...

நிந்தவூர்க்காரனான நான் சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்துப் பதினேழாம் நாள். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் குடியிருக்கும் புது மாப்பிள்ளை. தினமும் கோழிக்கறி. நான் காலடி வைத்த பிறகு அந்த வளவில் கோழிக் குலமே அழிந்து, மிஞ்சியது ஒரு சிவப்புப் பேடு. முட்டையிடுகிறது என்பதால் மாமி விட்டுவைத்திருந்தார். அது இடும் முட்டையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

அந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதை இல்லை. கிடைக்காதது மாமியின் குரல் மட்டும். மருமகன் முன்னால் மாமி வரமாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். மாமி சமைக்கும் குசினி வாசலில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை. அந்தப் பக்கம் மாமி, இந்தப் பக்கம் நான். நடுவில் என் மனைவி, இரண்டு வல்லரசுகளுக்கு இடையே ஓடித் திரியும் தூதுவர்.

அன்று காலை மோட்டார் சைக்கிளை வளவுக்குள் திருப்பினேன். கல்முனையில் பிரேக் பிடித்தால் பாண்டிருப்பு தாண்டித்தான் நிற்கும், அப்படி ஒரு வேகம். சக்கரத்துக்குக் கீழே ஒரு கதறல்.

பேட்டின் இடது கால் தொங்கியது.

புது மாப்பிள்ளை ஒருவன் செய்யக்கூடியதைச் செய்தேன். புளுகினேன்.

"பருந்து," என்றேன் மனைவியிடம். "ஆளுயரம் இரிக்கும். நான் குறுக்கால பாயாட்டி உன்ட உம்மாட கோழி இப்ப அம்பாறைக்கு மேலால போயிரிக்கும்."

திரைக்குப் பின்னால் முணுமுணுப்பு. தூதுவர் வந்தாள்.

"மௌத்தாகுறதுக்கு முதல் அறுத்துப்போடுவமாம். செத்தா ஒருத்தருக்கும் உதவாது. பகலைக்கு உங்களுக்குக் கறியாக்குறாங்களாம்."

"எனக்கா?"

"வேற ஆருக்கு? மாப்பிள்ளைக்குத்தானே."

முறித்தவன் தட்டிலேயே அந்தக் காலா...

"நான் கோழி திங்கிறத விட்டுட்டன்."

"எப்ப இருந்து?"

"இப்ப இருந்து. வயித்துக்கு ஒத்துக்கொள்ளுதில்ல."

"ராவு ரெண்டு தொடை திண்டீங்களே."

"அதுதான் ஒத்துக்கொள்ளல்ல."

அவள் உள்ளே போனாள். நீண்ட ஆலோசனை நடந்தது. திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னாள்.

"மூணு நாள் பாப்பமாம். அதுக்குள்ள எழும்பி நிக்காட்டி அறுக்கிறதுதானாம்."

மறுநாள் மனைவி பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். நான் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தடியில் குந்தினேன். வெட்டிச் சீவிய ஈர்க்குகள், ஒரு சிரட்டையில் எண்ணெயும் மஞ்சளும், கல்யாணத்துக்கு வாங்கிய புதுச் சாரனில் கிழித்த துணி. வைத்தியம் தயார். நோயாளிதான் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பேட்டுக்கு எருமைக்கடாவின் பலம். கோழியைப் பிடிக்க ஒரு கை, ஈர்க்கைப் பிடிக்க ஒரு கை, துணியைச் சுற்ற ஒரு கை. எனக்கு இரண்டுதான் இருந்தன. மூன்று முறை சுற்றினேன், மூன்று முறையும் உதறிவிட்டது. நான்காம் முறை அது கத்திய கத்தல் மனிதக் கத்தல் போல இருந்தது. கையை எடுத்துவிட்டேன். இனி முடியாது என்று நினைத்தேன்.

திரைச்சீலை அசைந்தது.

மாமி வந்தார். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு எதிரே குந்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கோழியை எடுத்து மடியில் வைத்து, இரண்டு செட்டையையும் சேர்த்து அணைத்துப் பிடித்தார். அது அடங்கிவிட்டது.

"இறுக்காதீங்க மகன். அதுக்கு நோகும்."

துணியை எடுத்தேன். "மாமி... பருந்து இல்ல. நான்தான் ஏத்தினன்."

"தெரியும். பருந்து கொத்தின கோழிட செட்டையில டயர் அச்சு கிடக்குமா?" கோழியை என் பக்கம் திருப்பி, "சுத்துங்க," என்றார்.

சுற்றினேன்.

மூன்றாம் நாள் காலை பேடு ஒற்றைக் காலில் எழும்பி, மற்றதை ஊன்றி நின்றது. ஒரு மாதத்தில் அக்கரைப்பற்று பஸ்ஸை நொண்டி நொண்டியே முந்தியது. கொண்டக்டர் சாட்சி.

மாமி யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பெற்ற மகளிடம்கூட. ஆனால் தண்டனை தராமலும் விடவில்லை. நாலு மாதம் எனக்கு மீனும் கீரையும்தான். "அவருக்குக் கோழி ஒத்துக்காதுதானே புள்ள," என்று திரைக்குப் பின்னாலிருந்து மகளிடம் சொல்லும்போது ஒரு சின்னச் சிரிப்புக் கேட்கும்...

இப்போது எங்கள் வீட்டுக்கும் மருமகன் வந்துவிட்டார். வேலைத்தலத்தில் இருந்து வீடியோ கோல் எடுத்து, "மாமி, இண்டைக்கு என்ன கறி?" என்று என் மனைவியிடம் கேட்கிறார். அவளும் சட்டியைத் தூக்கிக் காட்டுகிறாள். திரையும் இல்லை, தூதுவரும் இல்லை. நல்லதுதான், சந்தோசம்தான். எனக்கு ஒரு வார்த்தை கிடைக்க ஒரு கோழியின் கால் முறிய வேண்டியிருந்தது. அதனால்தானோ என்னவோ, அந்த வார்த்தை இன்னும் காதில் கிடக்கிறது.

மாமி மௌத்தாகி மூன்று நோன்பு போய்விட்டது.

சரி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு ஆள் தூக்கும் முட்டை புளுகு. பஸ்ஸை முந்தியது பெரும் புளுகு. மிச்சத்தையும் நீங்கள் விரும்பினால் தள்ளிவிடுங்கள். மாமி திரையை விலக்கி வந்து என் முன்னால் குந்தினாரே, அது மட்டும் உண்மை.