கணக்கில் வராத காலடி

ஓர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் கந்தோர் நாலேகாலுக்கு மூடும். ஐந்து மணிக்கு, உள்துறைமுகத்தைப் பார்த்தபடி கிடக்கும் சீமெந்துத் திடலில் நாங்கள் எட்டுப் பேர் கூடைப்பந்து விளையாடுவோம். பாதித் திடல், பக்கத்துக்கு நாலு பேர். பதினாறு வருடமாக இப்படித்தான். நடுவர் இல்லை, விசில் இல்லை. தகராறு வந்தால் என்னிடம் கேட்பார்கள். வாலிப வயதில் பாடசாலைப் போட்டிகளுக்கு நடுவராக நிற்க நான் ஒரு பயிற்சி எடுத்திருந்தேன், அதுதான் காரணம். முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அலுத்துவிட்டது. பகல் முழுக்கக் காணி விண்ணப்பங்களைப் பார்த்து இது சரி, இது பிழை என்று எழுதிவிட்டு வருகிறவனுக்கு மாலையிலும் அதே வேலை.

தகராறில் முக்கால்வாசி ட்ரவலிங் பற்றியது. பந்தைக் கையில் பிடித்தபின் இரண்டு அடிதான் வைக்கலாம். மூன்றாவது வைத்தால் பந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். சொல்லச் சுலபம். ஆனால் ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கிறவனுக்கு, பிடிக்கும்போது தரையில் இருந்த காலை முதல் அடியாக எண்ணுவதா, விடுவதா? எண்ண வேண்டும் என்றுதான் எனக்குப் படிப்பித்தார்கள்.

அந்தக் காலால் அதிகம் பந்தை இழந்தவன் என் நண்பன். துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் வேலை செய்கிறான். உயரமில்லை, ஆனால் பந்தோடு உள்ளே புகுந்தால் மறிக்க முடியாது. இடப்பக்கமாக வந்து, ஓட்டத்திலேயே பந்தை அள்ளி, வலது, இடது, மேலே. நான் "மூண்டு" என்பேன்.

"ரெண்டு மச்சான், ரெண்டுதான்."

"மூண்டு."

பந்தைத் தந்துவிடுவான். போகப்போக உள்ளே புகுவதையே குறைத்துக்கொண்டு, தூரத்தில் நின்று எறியப் பழகினான். அது அவனுக்குச் சரிவரவில்லை.

ஆறு வருடத்துக்கு முன், என்னோடு பயிற்சி எடுத்த ஒருவரைக் கந்தளாய் போகும் பஸ்ஸில் சந்தித்தேன். அவர் இன்னும் நடுவராக இருந்தார். விதி மாறிவிட்டது என்றார். பிடிக்கும்போது தரையில் இருக்கும் காலை இப்போது பூச்சியமாக எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு. நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். மறுநாளே திடலில் சொல்லியிருக்கலாம். எட்டுப் பேருக்கு விளங்கப்படுத்த வேண்டும், யாராவது நம்பமாட்டார்கள், ஒவ்வொரு பந்துக்கும் புதுக் கதை தொடங்கும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது அப்படியே நின்றுவிட்டது. களைப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவன் பெரும்பாலும் எனக்கு எதிர்ப்பக்கத்தில்தான் விளையாடுவான் என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். அவர் வந்த மூன்றாம் நாள் என் நண்பன் பழைய மாதிரி உள்ளே புகுந்தான். நான் "மூண்டு" என்றேன்.

"இல்லையே அண்ணை, அது சரிதானே," என்றார் வங்கிக்காரர். போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டார். எல்லோரும் வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். திடலோரத்தில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று ஷொப்பிங் பையொன்றைச் சப்பிக்கொண்டு நின்றது. என் நண்பன் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமே?"

பொய் சொல்லவும் தெம்பில்லை. "ஓம்," என்றேன்.

"எப்ப இருந்து?"

"அஞ்சு வருசம் இருக்கும்."

பந்தைக் கீழே வைத்தான். "சரி. நீங்கள் உங்கட விளையாட்டைப் பாருங்கோ," என்றான். பழகிய நாள் முதல் என்னை நீ என்றே அழைத்தவன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று கிழமை அவன் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போனார். அவனுடைய மகள் மேசையில் புத்தகங்களைப் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பாடசாலைக் கூடைப்பந்து அணியில் இருக்கிறவள்.

"விதி மாறினது எனக்குப் பெரிசில்லை," என்றான். "இவளை வீட்டு முற்றத்தில வைச்சுப் பழக்கேக்க இதே காலுக்குத்தான் ஏசினனான். அங்கிள் பிழையெண்டு சொல்லுறவர், அவர் நடுவருக்குப் படிச்சவர் எண்டு சொல்லி நிப்பாட்டினனான். இவள் அழுதவள்."

நான் அவளிடம் திரும்பினேன். "பிழை என்னிலதான் பிள்ளை. நீ வைச்ச கால் சரி."

அவள் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எனக்குத் தெரியும் அங்கிள். எங்கட மிஸ் அப்பவே சொல்லித் தந்தவ. பள்ளிக்கூடத்தில நான் அப்பிடித்தான் விளையாடுறனான். வீட்டில மட்டும் அப்பா சொன்ன மாதிரி."

"எனக்கேன் சொல்லேல்ல?" என்றான் அவன்.

"சொன்னா அங்கிளிட்டக் கேட்டிட்டு வாறன் எண்டு போவீங்கள். அவர் மூண்டெண்டுதானே சொல்லுவார்."

தேநீர் வந்தது. "மன்னிச்சுக்கொள் மச்சான்," என்றேன். அவன் கோப்பையை என் பக்கம் தள்ளினான்.

"ஆறப்போகுது. தேத்தண்ணியைக் குடி," என்றான்.

அடுத்த கிழமை அவன் திடலுக்கு வந்தான். நான் எல்லோரையும் கூப்பிட்டு விதியைச் சொன்னேன். பயந்த மாதிரியே நேரம் எடுத்தது, இரண்டு பேர் நம்பவில்லை. இனித் தீர்ப்பு என்னிடம் கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன். அதன்பின் அவரவர் அடியை அவரவரே எண்ணினார்கள். தகராறு ஒன்றும் குறையவில்லை.

அன்று அவன் ஒரேயொரு முறை உள்ளே புகுந்தான். பந்தை அள்ளி, வலது, இடது, மேலே. கால் சுத்தமாக இருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பந்து வளையத்தின் அடியில் பட்டுத் திரும்பியது. இத்தனை வருடம் படகின் ஈரத்தளத்தில் நின்ற முழங்கால் அவனை மேலே போக விடவில்லை. இறங்கியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப ஏலாது மச்சான்," என்றான். "அஞ்சு வருசத்துக்கு முன்னமெண்டால் போட்டிருப்பன்."

குரலில் கோபம் இருக்கவில்லை. போய்ப் பந்தை எடுத்து வந்து வங்கிக்காரரிடம் கொடுத்தேன். அவர் வெளிக்கோட்டில் போய் நின்று, யாருக்கு எறியலாம் என்று பார்த்தார்.