ஒரு மதியத்துக்கான விபூதி

பச்சைப் புளியமரத்தை அறுக்கும்போது ஒரு வாடை வரும். பல்லைக் கூச வைக்கும் ஈர வாடை. அப்பாவைக் கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பிய அன்று, கள்ளக்குறிச்சி போகும் வழியில் சாலையை அகலப்படுத்த மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பேருந்துச் சன்னலில் அந்த வாடை ஏறியதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

இடஒதுக்கீடு கேட்டு ஊர்க்காரர்கள் பெரிய போராட்டம் நடத்திய வருடம் அது. புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பேருந்து இல்லை, பள்ளிக்கூடம் இல்லை; எனக்குக் கொண்டாட்டம். எங்கள் தெரு ஆண்கள் மட்டும் ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை.

"அவங்க இல்லன்னு கேக்கறாங்க. நமக்கு இருக்குது, வாய மூடிக்கினு இருந்தா" என்றார் அப்பா.

எங்கள் சாதிக்கு ஒதுக்கீடு உண்டு, இந்து என்று சாதிச் சான்றிதழ்த் தாளில் இருந்தால். எங்களைப் போல கிறிஸ்தவர்களாகிவிட்ட வேதக்காரர்களுக்கு அது கிடையாது. அந்தத் தாள் இருந்தால்தான் அக்காவுக்கு நர்ஸ் படிப்பில் இடம். விசாரிக்கத் தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. வீட்டுக்கே வருவார் என்று சொல்லியிருந்தார்கள்.

அப்பா கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறவர். அம்மாவுக்குக் கால் வீங்கியதிலிருந்து குடத்தைத் தோளில் வைத்துத் தண்ணீர் தூக்கினார். தெருவே சிரித்தது, அவர் பாட்டுக்குத் தூக்கினார். சோற்றின் முன் உட்கார்ந்தால் மழைக்கு, மாட்டுக்கு, அம்மாவின் காலுக்கு என்று ஜெபம் நீண்டுகொண்டே போகும். "ஆண்டவரே பசி தாங்காம எழுந்து போயிருப்பாரு, கண்ணத் தொற" என்பாள் அம்மா.

ஆர்.ஐ. வரும் அன்று காலை அம்மா இயேசுவின் திருஇருதயப் படத்தைக் கழற்றிக் கம்புக் குதிருக்குள் ஒளித்தாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. எங்கிருந்தோ ஒரு முருகர் காலண்டர் வந்து அதை மூடியது. எங்கள் எல்லோருக்கும் விபூதி. அப்பா குனிந்து நெற்றியைக் கொடுத்தார், மருந்துக்கு வாயைத் திறப்பவர்போல.

"கேட்டா கோயிலுக்குப் போறோம்னு சொல்லு. மாதா கோயிலுங் கோயிலுதான, பொய்யில்ல" என்று அம்மா எனக்குப் பாடம் சொன்னாள்.

மரங்களுக்கு மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வந்த ஆர்.ஐ. வந்து சேரும்போது உச்சிவெயில். கெண்டைக்காலில் சிராய்ப்பு. கேட்டார், சொன்னோம். "கோயிலுக்குப் போறோம் சார்" என்று நானும் பாட்டுப்போல ஒப்பித்தேன். அவர் முருகரைப் பார்த்தார், எங்கள் நெற்றிகளைப் பார்த்தார், எழுதினார்.

"ஆச்சுப்பா. சோறு ஆறுது, நீங்க சாப்புடுங்க. நான் செத்த நேரம் நெழல்ல நின்னுட்டுப் போறேன்."

அம்மா போட்டாள். அப்பா நேராகச் சோற்றில் கை வைத்து ஒரு கவளம் உருட்டினார். பாவம், மறந்துவிட்டாரே.

"அப்பா, நீ சிலுவ போடல!"

ஆர்.ஐ. திரும்பினார். "இன்னாப்பா, பாப்பா இன்னாமோ சொல்லுது?"

"வெளாட்டுக்குப் பேசுது சார். எங்கனா பாத்திருக்கும்" என்று அம்மா முந்திக்கொண்டாள். "ஆமா, வாயாடி" என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அப்புறம் என்னை. கவளத்தைத் தட்டில் விட்டுவிட்டு அதே கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். விபூதியில் இரண்டு பருக்கை ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினார். ஜெபம் அன்றைக்குத்தான் அவ்வளவு சின்னது: "ஆண்டவரே, இந்தச் சோத்துக்கு நன்றி. வெயில்ல வந்த இந்த ஐயாவையும் காப்பாத்து."

நான் மட்டும் சத்தமாக ஆமென் சொன்னேன்.

"யோவ், கொழந்த பேச்சுன்னு நான் பாட்டுக்குப் போயிருப்பேன்யா. நீ எதுக்குக் கண்ண மூடுன? இப்ப எழுதாம வுட்டா என் வேல போவும்" என்றார் ஆர்.ஐ. அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. எழுதியதை அடித்துவிட்டு, கிறிஸ்தவர் என்று எழுதினார்.

அக்கா தன் சோற்றை முழுக்கத் தின்றாள், தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். அழவில்லை. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசிவரை ஜெபிக்காமல் அவர் சாப்பிட்டதும் இல்லை. ஆனால் அன்றோடு சத்தம் நின்றுபோனது, உதடு மட்டும் அசையும்.

தை கழிந்து அக்காவைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். சின்னசேலத்தில் பேருந்து ஏற்றிவிட அப்பாவோடு நானும் போனேன். வண்டி உறுமத் தொடங்கியதும் அக்கா கம்பி வழியே குனிந்தாள். "அங்கயும் கேப்பாங்க. இன்னான்னுப்பா சொல்லட்டும்?"

அவர் சொன்ன பதிலைக் கேட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. உண்மையைத்தான் சொல்லணும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர், என் கண் முன்னால் பாவம் செய்துவிட்டார் என்று நினைத்தேன். வண்டி நகர, கம்பியை விடாமல் நாலு எட்டு கூடவே ஓடி அவர் சொன்னது இதுதான்:

"அவங்களுக்கு எது புடிக்குதோ, அத சொல்லிடு தாயி."